பசங்க கிளம்பிட்டா ஊர் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, ஒரு கேள்வி. 1941-ல் 'இசட்-3' கம்ப்யூட்டரை உருவாக்கிய கோன்ராட் சூசே, ஸ்கூல் படிப்பை எந்த ஊரில் முடிச்சார் தெரியுமா? ஹோயர்ஸ்வெர்டா! பேர் வாயில் நுழையலையா? பரவாயில்லை பாஸ், அந்த ஊரிலேயே இப்போ பாதிப் பேர் இல்லை.

பழைய கிழக்கு ஜெர்மனியில், ஏழாயிரம் பேர் இருந்த குட்டி ஊர் அது. 1955-ல் பக்கத்திலேயே ஒரு பிரமாண்டமான பழுப்பு நிலக்கரி ஆலையை (நெய்வேலியில் தோண்டுறாங்களே, அதே சரக்கு!) ஆரம்பிச்சது கம்யூனிஸ்ட் அரசு. தொழிலாளிகளுக்கு வீடு வேணுமே? ஃபேக்டரியில் வார்த்த கான்கிரீட் பலகைகளை கிரேனில் தூக்கி அடுக்கி, வரிசை வரிசையா அபார்ட்மென்ட்! 1980-களின் தொடக்கத்தில் ஜனத்தொகை 70,000. திரும்பின பக்கமெல்லாம் வாண்டுகள்.

1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 ஜூலையில் மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயம் உள்ளே வந்தது. விலை, தரம் எதிலும் மேற்கோடு மோத முடியாத ஆலைகள் ஒவ்வொண்ணா படுத்துடுச்சு. வேலை போன கோபம் யார் மேல பாயும்? 1991 செப்டம்பரில், மொசாம்பிக், வியட்நாம் தொழிலாளிகள் தங்கியிருந்த ஹாஸ்டலை ஒரு கும்பல் நாள்கணக்கில் தாக்கியது. கடைசியில் பஸ்ஸில் ஏத்தி வெளியே அனுப்பினது, அடி வாங்கினவங்களைத்தான். கொடுமை!

அப்புறம் சொந்தப் பசங்களே மூட்டை கட்டினாங்க. கிழக்கு ஜெர்மனி முழுக்க இதே கதைதான். அதிலும் பையன்களைவிடப் பொண்ணுங்கதான் அதிகம் கிளம்பினாங்க. ஸ்கூலில் நல்ல மார்க், கையில் சர்ட்டிஃபிகேட், மேற்கில் வேலை. போகாம என்ன செய்வாங்க? 2000-களில் சில மாவட்டங்களில் இருபதுகளில் இருந்த நூறு ஆண்களுக்கு எண்பது பெண்கள்தான் மிச்சம்! குழந்தை பிறப்பும் சரிய, ஸ்கூல்களை மூடினாங்க.

காலி வீடு சும்மா நிக்குமா? அதுவும் செலவு வைக்கும். எழுபதாயிரம் பேருக்குப் போட்ட பெரிய சாக்கடைக் குழாயில் தண்ணி கம்மியானா, கழிவு நகராம தேங்கிடும். ஹீட்டர் குழாயோ கடைசி பிளாக் வரை சூடா ஓடணும். அதனால 2002-ல் அரசே இடிக்கப் பணம் கொடுத்தது. கிரேனில் அடுக்கின பலகைகளை அதே கிரேனில் இறக்கினாங்க.

இப்போ அங்கே சுமார் 30,000 பேர். பாதிக்கு மேல் தலை நரைச்ச கூட்டம். 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தணும்னு 2020-ல் ஜெர்மனி சட்டம் போட்டாச்சு. ஹோயர்ஸ்வெர்டாவில் இன்னிக்கு பிளஸ் டூ படிக்கிற பசங்க, இருக்கலாமா, கிளம்பலாமான்னு மறுபடியும் கணக்குப் போடணும்.