பாம்பனில் மீனவர் சொல் கேட்ட பொறியாளர்

நம் தேசத்து ரயில்வே நிர்வாகிகளுள் இ. ஸ்ரீதரன் அளவுக்கு ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றவர் மிகச் சிலரே. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களால் குடைந்து சென்ற கொங்கண் பாதையும், கெடுவுக்கு முன்பே முதற்கட்டம் முடிந்த தில்லி மெட்ரோவும், வேலைத்தலங்களில் மிச்சமிருக்கும் நாட்களைத் தலைகீழாய் எண்ணிக் காட்டிய அவருடைய கடிகாரப் பலகைகளும் உலகறிந்தவை. எனினும், பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் ஆரம்பாக்கம் பகுதிக் குப்பங்களை நினைக்கையில், என் சிந்தை அவற்றையெல்லாம் கடந்து பாம்பனுக்கே செல்கிறது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களைக் கடலில் தள்ளிற்று. ஆறு மாதத்தில் செப்பனிடலாம் என்று ரயில்வே இலாகா கருத, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்துப் பொறுப்பை 32 வயது ஸ்ரீதரனிடம் ஒப்படைத்தார். புதிய கர்டர்களைச் செய்வித்துத் தருவித்தால் காலம் கடந்துவிடும் என்று கலங்கிய வேளையில், பழையவை கடலடியில் கிடக்கின்றன என்று உள்ளூர் மீனவர் சொன்ன செய்தி அவர் செவிக்கு எட்டியது. பட்டம் பெற்ற பொறியாளர் அதைப் பாமரர் பேச்சென்று தள்ளவில்லை. அவற்றைத் தேடித் தூக்கி மறுபடி தூண்களில் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தை நிலைநிறுத்தினார். அவருடைய சரித்திரத்தில் நான் மிகவும் மதிப்பது இந்தச் செவி சாய்த்தலையே.

பழவேற்காட்டிலோ, முகத்துவாரத்தை மணல் மூடும்போதெல்லாம் கடல்நீர் வரத்துக் குன்றி, இறாலும் மீனும் அருகி, படகுகள் கடலுக்குப் போக வழியின்றி நிற்கின்றன. வாடையில் நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும், தென்றலில் மணல் எங்கே ஒதுங்கும் என்பவற்றை, பாடு முறைப்படி தலைமுறை தலைமுறையாய் முறைவைத்து வலையிடுவோர் நன்கு அறிவர். அவர்களிடம் அபிப்பிராயம் கேட்கும் வழக்கமோ, திட்டம் வரைந்து முடிந்த பிறகு கூட்டப்படும் ஒரு மணி நேரக் கூட்டத்தோடு நின்றுவிடுகிறது. முகத்துவாரப் பணியாயினும், துறைமுகமாயினும், இருப்புப்பாதையாயினும், வரைபடத்தில் முதற்கோடு விழுமுன்பே குப்பத்துப் பஞ்சாயத்தார் பொறியாளரோடு சமமாய் அமர்ந்து பேசவும், அவர்கள் சொன்னது எழுத்தில் பதிவாகவும், அதை ஏற்காவிடில் காரணம் தெரிவிக்கப்படவும் அரசாங்கம் விதி செய்தல் வேண்டும்.