ஆறா, எட்டா? ஆஸ்திரேலியாவின் தீராத கார்ச் சண்டை

1992 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் நகரில் ஒரு விநோதமான பரிசளிப்பு நடந்தது. மவுண்ட் பனோரமா மலையைச் சுற்றி ஓடும் 1000 கிலோமீட்டர் கார்ப் பந்தயம் அடைமழையால் முடியும் முன்பே நிறுத்தப்பட்டது. அதுவரை முன்னணியில் இருந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அந்த நேரம் பார்த்து வழுக்கி மோதி நொறுங்கியிருந்தது. ஆனால் பந்தயம் பாதியில் நின்றால் முந்தைய சுற்றின் நிலவரமே கணக்கு என்பது விதி. நொறுங்கிய காருக்கே வெற்றி. ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் மேடையேறியதும் கூட்டம் ஊளையிட்டது. நண்பர் டென்னி ஹுல்ம் அதே பந்தயத்தில் காரோட்டியபோது மாரடைப்பில் இறந்துபோன செய்தி ரிச்சர்ட்ஸின் காதுக்கு அப்போதுதான் வந்திருந்தது. மைக்கைப் பிடித்தவர், ரசிகர்களை அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லால் திட்டித் தீர்த்தார்.

ஜப்பான் கார் ஒன்று நம் மலையில் வந்து வெல்வதா என்பதுதான் கூட்டத்தின் ஆத்திரம். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்களோ அந்த டிக் ஜான்சன் ஓட்டி இரண்டாவதாக வந்த ஃபோர்டு சியராவும் ஐரோப்பாவில் பிறந்ததுதான். நிசான் அணியை நடத்திய ஃபிரெட் கிப்சனோ அசல் உள்ளூர்க்காரர். 1967-இல் ஹாரி ஃபர்த்துடன் சேர்ந்து ஃபோர்டு ஃபால்கன் ஜிடியை ஓட்டி இதே மலையில் வென்றவர். அப்படியானால் ‘நம்ம கார்’ என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வியைக் கிளப்பினால் பொழுது விடிந்துவிடும். அங்கே ஃபோர்டு வீடு, ஹோல்டன் வீடு என்று குடும்பங்களே பிரிந்து கிடந்த காலம் உண்டு. ஆனால் இரு கட்சியும் கைகோக்கும் இடம் ஒன்று இருக்கிறது. உள்நாட்டு மசில் கார் என்றால் வி8 எஞ்சின், எட்டு சிலிண்டர், அடிவயிற்றிலிருந்து எழும் அந்த உறுமல். இதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான்.

முதலில் இந்தக் கார்கள் பிறந்த கதை. 1960-இல் ஃபிலிப் தீவில் தொடங்கி, 1963-இல் பாத்தர்ஸ்டுக்கு இடம் மாறிய 500 மைல் பந்தயத்தின் அடிப்படை விதி மிக எளிது: கடையில் பொதுமக்கள் வாங்கக்கூடிய காரே களத்தில் ஓட வேண்டும். பந்தயத்துக்கென்று தனியாக ஒரு வண்டி செய்து கொண்டுவர முடியாது. ஆகவே ஜெயிக்க நினைத்த நிறுவனம், பந்தயக் காரையே ஷோரூமில் வைத்து விற்க வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கும் கார் திங்கட்கிழமை விற்கும் என்பது அன்றைய விற்பனைக் கணக்கு. 1967-இல் ஃபால்கன் ஜிடி வென்றது. மறுவருடம் ஹோல்டன் மொனாரோ ஜிடிஎஸ் 327 பதிலடி கொடுத்தது. 1969-இல் மொனாரோ 350. அடுத்த இரு வருடங்கள் ஆலன் மொஃபட்டின் ஃபால்கன் ஜிடி-எச்ஓ. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் காய்கறி வாங்கிவருவதற்கும் செய்த நான்கு கதவு செடான், ஐந்தே ஆண்டுகளில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடத் தொடங்கியது.

அந்த வரிசையின் உச்சம் 1971-இல் வந்த ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3. 351 கன அங்குல ‘கிளீவ்லாந்து’ வி8, 36 கேலன் பெட்ரோல் டேங்க், 228 கிலோமீட்டரை எட்டும் வேகம். குதிரைத்திறன் 300 என்று ஃபோர்டு கணக்குக் காட்டியது. உண்மையில் அதைவிட அதிகம் என்பது ஊரறிந்த ரகசியம். மொத்தம் செய்தது 300 கார்கள். உலகின் மிக வேகமான நான்கு கதவு உற்பத்திக் கார் என்று அன்று பெயர் எடுத்தது. அன்றைய விலை சுமார் ஐந்தாயிரம் ஆஸ்திரேலிய டாலர். 2018-இல் ஏலத்துக்கு வந்த ஒரு ஃபேஸ் 3, பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. முன்பு அதை வைத்திருந்தவர் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சன். பொருத்தமான கைதான்.

1972 ஜூனில் விளையாட்டு வினையானது. மணிக்கு 160 மைல் வேக ‘சூப்பர் கார்கள்’ வரப்போகின்றன என்று சிட்னியின் ‘சன்-ஹெரால்ட்’ முதல் பக்கத்தில் செய்தி போட்டது. இவை சக்கரம் வைத்த தோட்டாக்கள் என்றார் நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மாரிஸ். அரசின் கெடுபிடிக்குப் பயந்து ஃபோர்டு, ஹோல்டன், கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களும் சில நாட்களிலேயே தத்தம் திட்டங்களைக் கைவிட்டன. ஃபோர்டின் ஃபேஸ் 4 நாலே நாலு காரோடு நின்றுபோனது. இன்றைக்கும் ஃபோர்டு ரசிகர்கள் அந்தப் பத்திரிகையை மன்னிக்கவில்லை. அவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தாலும், எவ்விதப் பயிற்சியும் இல்லாத எவருக்கும் பந்தயக் காரை விற்கும் வழக்கம் எத்தனை நாளைக்கு ஓடியிருக்கும்? இதில் அமைச்சரின் பக்கமும் நியாயம் இருந்தது.

இனி உள்நாட்டுக் கணக்குக்கு வருவோம். மொனாரோவுக்கு வெற்றி தேடித்தந்த 327, 350 எஞ்சின்கள் அமெரிக்க ஷெவர்லேயுடையவை. ஃபேஸ் 3-இன் கிளீவ்லாந்துக்கு அமெரிக்க நகரத்தின் பெயர். நிறுவனங்களின் முதலாளிகளும் டெட்ராய்ட்காரர்களே. ஓட்டியவரையும் விட்டுவைப்பானேன், மொஃபட் பிறந்தது கனடாவில். ஆஸ்திரேலியப் பெருமையின் சிகரம் என்று கொண்டாடப்படும் கார்களின் இதயம் கடல் கடந்து வந்தது.

அதே ஆண்டுகளில் பக்கத்துக் கொட்டகையில் என்ன நடந்தது என்று பாருங்கள். கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் லாரிக்கென்று வரைந்து கைவிட்ட ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சின் வரைபடத்தை, அடிலெய்டு பக்கம் இருந்த அதன் ஆஸ்திரேலியக் கிளை எடுத்துக்கொண்டது. தேவைக்கேற்பத் திருத்தி, லான்ஸ்டேல் ஆலையில் வார்த்து, ‘ஹெமி 6’ என்று பெயர் வைத்தது. அதன்மேல் மூன்று இத்தாலிய வெபர் கார்புரேட்டர்களைப் பூட்டி, 1972-இல் வேலியன்ட் சார்ஜர் ஈ49-ஐ வெளியிட்டது. 302 குதிரைத்திறன். கால் மைல் தூரத்தை 14.4 வினாடியில் கடந்தது. எட்டு சிலிண்டர் ஃபேஸ் 3 எடுத்துக்கொண்டதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். சார்ஜர் விளம்பரத்தில் வந்ததுபோல, அந்தக் கார் தெருவில் போனால் சிறுவர்கள் இரண்டு விரலை உயர்த்தி ‘ஹே சார்ஜர்’ என்று கத்துவார்கள். ஆனால் பாத்தர்ஸ்டில் அது ஒருமுறைகூட வெல்லவில்லை. வென்றிருந்தால் ஆறு சிலிண்டரின் கௌரவமே வேறாக இருந்திருக்கும்.

வென்ற ஆறு சிலிண்டரும் உண்டு. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் வைவா வழியில் வந்த சிறிய காரின் மூக்கை நீட்டி, மெல்பர்னில் வார்த்த 202 கன அங்குல எஞ்சினை அதில் நுழைத்து ஹோல்டன் செய்தது டொரானா ஜிடிஆர் எக்ஸ்யூ-1. 1972 பாத்தர்ஸ்டில் மழை கொட்டியது. பீட்டர் பிராக் என்ற இளைஞர் 500 மைலையும் தனி ஆளாக ஓட்டி, ஃபேஸ் 3-களைப் பின்னுக்குத் தள்ளி வென்றார். அவர் மொத்தம் ஒன்பது முறை வென்று மலையரசன் ஆனதன் முதல் படி அது. ஈரச் சாலையில் கனமான வி8-ஐவிட இலகுவான ஆறு கைக்கு அடங்கியது என்பதைத் தவிர அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

வி8 கட்சிக்காரர் இந்த இடத்தில் எழுந்து நிற்பார். ஹோல்டனின் 308 உள்ளூர்ச் சரக்கு இல்லையா என்பார். அவர் சொல்வது சரிதான். 1969-இல் வந்த 253, 308 எஞ்சின்களை ஆஸ்திரேலியாவிலேயே வடிவமைத்து வார்த்தார்கள். அந்தக் குடும்பம் முப்பது ஆண்டு ஓடியது. 1979-இல் பிராக்கும் ஜிம் ரிச்சர்ட்ஸும் டொரானா ஏ9எக்ஸில் ஆறு சுற்று முன்னிலையில் வென்றது 308-இல்தான். அதுவும் கடைசிச் சுற்றில் புதிய சாதனை வேகத்தைப் பதித்துக்கொண்டே. கிளீவ்லாந்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பின்னாளில் ஃபோர்டின் ஜீலாங் ஆலையிலேயே அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் உற்பத்தி நின்றபின் இத்தாலியின் டி டொமாசோ தன் பன்டேரா காருக்கு ஆஸ்திரேலிய கிளீவ்லாந்தைத்தான் வரவழைத்தது. வாழ வந்த மருமகள் வீட்டையே தாங்குவதுபோல, வந்த எஞ்சின் ஊர்க்காரியாகிவிட்டது. ஆகவே எட்டு சிலிண்டரில் உள்நாட்டுக் காரே இல்லை என்று வாதாடுவது அபத்தம். ஆனால் ஏலத்தில் கோடி கோடியாய் விலைபோவது அந்த 308 இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பணம் ஓடுவது ஃபேஸ் 3-ஐ நோக்கி.

ஆறு சிலிண்டரின் கடைசி அத்தியாயம்தான் சுவையானது. ஃபால்கனின் எஞ்சின் 1960-இலிருந்து வழிவழியாக ஜீலாங்கில் வளர்ந்துவந்தது. 2002-இல் வந்த புதிய வடிவத்துக்கு பாரமண்டி என்ற மீனின் பெயரைச் சுருக்கி ‘பாரா’ என்று பெயரிட்டார்கள். நான்கு லிட்டர் கொள்ளளவு. சாதாரண பாராவை எல்.பி.ஜி-யில் ஓட்டியவர்கள் டாக்சிக்காரர்கள். இந்தியாவிலிருந்து படிக்கப் போய் இரவில் டாக்சி ஓட்டிய மாணவர்கள் பலரின் கைக்கும் அந்த எஞ்சின் பழக்கம். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் அது சாவதில்லை என்பது டாக்சி நிறுத்தங்களில் நிலவிய நம்பிக்கை. அதே எஞ்சினில் டர்போ பூட்டி எக்ஸ்ஆர்6 டர்போ வந்தது. 240 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர். அதன் எட்டு சிலிண்டர் உடன்பிறப்பான எக்ஸ்ஆர்8-க்குக் காகிதத்தில் 260 கிலோவாட். சாலையில் எடுத்து ஓட்டிய பத்திரிகைக்காரர்கள் ஆறைத்தான் பாராட்டினார்கள். மூக்கில் கனம் குறைவு, திருப்பத்தில் சொன்னபடி கேட்டது, விலையும் குறைவு. 2016-இல் வந்த கடைசி எக்ஸ்ஆர்6 ஸ்பிரின்ட் 325 கிலோவாட்டைத் தொட்டது.

இதற்கெல்லாம் ஹோல்டன் பக்கம் அளித்த பதில் 2017-இன் எச்எஸ்வி ஜிடிஎஸ்ஆர் டபிள்யூ1. 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ் வி8, 474 கிலோவாட். ஆஸ்திரேலியத் தயாரிப்புகளிலேயே வலிமை மிக்கது. எஞ்சின் மட்டும் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்9. பழைய கதையே பெரிய எழுத்தில்.

அப்போது ஆஸ்திரேலியக் கார்த் தொழில் என்ற வீடே இடிந்துகொண்டிருந்தது. 1980-களில் 57.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2010-இல் ஐந்தாகச் சுருங்கியது. ஆஸ்திரேலிய டாலர் மதிப்பு ஏறியது. மக்கள் பெரிய செடானை விட்டு எஸ்யூவிக்கும் சிறு காருக்கும் போனார்கள். தன் பெரிய செடானான கமோடோரில் 1998-இல் மட்டும் 94,642 கார்களை விற்ற ஹோல்டனுக்கு அந்த நாட்கள் திரும்பவில்லை. 2016 அக்டோபர் 7-இல் ஃபோர்டின் பிராட்மெடோஸ் ஆலையில் கடைசி ஃபால்கன் வந்தது. 2017 அக்டோபர் 20-இல் அடிலெய்டின் எலிசபெத் ஆலையில் கடைசி கமோடோர். 2020-இல் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் ஊற்றி மூடியது. ஃபோர்டு 2022-இல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியபோது தமிழ்நாடு பார்த்ததை பிராட்மெடோஸ் ஆறு வருடம் முன்பே பார்த்துவிட்டது.

பாத்தர்ஸ்டில் பந்தயம் நிற்கவில்லை. மலையில் கூடாரம் போடும் ரசிகர்களுக்கு நாளொன்றுக்கு 24 பியர் கேன் என்று போலீஸ் உச்சவரம்பு வைக்கும் அளவுக்கு உற்சாகம் குறையவும் இல்லை. ஆனால் 2023-இலிருந்து அங்கே மோதிக்கொண்டவை ஃபோர்டு மஸ்டாங்கும் ஷெவர்லே கமாரோவும். இரண்டும் அமெரிக்கப் பெயர்கள், இரண்டும் வி8. ஜப்பான் காரைப் பார்த்து ஊளையிட்ட மலை, இவற்றுக்குக் கைதட்டுகிறது. உறுமல் பழக்கமான உறுமலாக இருந்தால் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை போலும்.

ஜீலாங் ஆலை மூடியபின்பும் பாரா எஞ்சின்கள் சும்மா இருக்கவில்லை. உடைந்த ஃபால்கன்களிலிருந்து அவற்றைக் கழற்றிப் புது டர்போ பூட்டி, ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் வாங்கி டிராக் பந்தயங்களில் ஓட்டுகிறார்கள். உள்நாட்டு மசில் கார் எது என்ற சண்டையில் ஒரே ஓட்டுதான் உண்டு என்றால், அதைப் பத்து லட்சம் டாலர் ஃபேஸ் 3-க்குப் போடக் கூடாது. ஜீலாங் தொழிலாளர்கள் வார்த்த எஞ்சினோடு, சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில், நான்கு கதவோடு வந்த எக்ஸ்ஆர்6 டர்போவுக்கே போட வேண்டும்.