தங்கவயல்காரர் என்றாலே

கோலார் தங்கவயல்காரர் என்றாலே ரவுடி என்று ஒரு முத்திரை. 2018இல் எங்கள் ஊர்ப் பெயரில் ‘கே.ஜி.எஃப்’ படம் வந்த பிறகு அது இன்னும் அழுத்தமாக விழுந்துவிட்டது. ஊர்க் குணத்தைக் கிண்டலடிப்பது தப்பே இல்லை. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் மிகேஷ் 1946இல் ஆங்கிலேயரைக் கேலி செய்து எழுதிய புத்தகத்தை ஆங்கிலேயரே விழுந்து விழுந்து படித்தார்கள். அவர் அவர்களோடு வாழ்ந்து பார்த்து எழுதியவர். எங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு நாள் விடிகாலையில் எங்கள் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு வரட்டும். 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் பிழைப்பு தேடிக்கொண்ட ஜனம், டிபன் பாக்ஸும் கையுமாக ரயிலுக்கு ஓடிவரும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடைத்தவர்களின் பிள்ளைகள். தமிழில் ஆரம்பித்த பேச்சு கன்னடத்தில் நுழைந்து தெலுங்கில் முடியும். அதைக் கேலி செய்யுங்கள், நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம்.