உருகிய கடிகாரங்கள்

இந்தப் படத்தின் புகழைக் கேட்டவர்கள், அது சுவர் முழுவதையும் அடைத்து நிற்கும் என்று எண்ணிக்கொள்வது சகஜம். உண்மையில் அதன் உயரம் 9½ அங்குலம். அகலம் 13 அங்குலம். பள்ளிப் பிள்ளையின் சிலேட்டைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் ஸால்வடார் டாலி 1931-ல் எழுதிய அந்தப் படத்துக்கு 'நினைவின் நிலைபேறு' என்று பெயர்.

பின்னால் அசைவற்ற கடல். டாலி இளமை முதல் அறிந்த காடலோனியாக் கடற்கரையின் பாறைகள். முன்னால் பட்ட மரம் ஒன்று. அதன் கிளையில் ஒரு கடிகாரம், உலர்த்திய ஈரத் துணிபோல் தொங்குகிறது. மற்றொன்று மேடை விளிம்பில் வழிகிறது. அதன்மேல் ஓர் ஈ. மூன்றாவது, கண்மூடித் தரையில் கிடக்கும் விசித்திரமான முகம் ஒன்றின்மேல் போர்வைபோல் படிந்திருக்கிறது. நாலாவது மட்டும் உருகவில்லை. மூடிக் கிடக்கும் அதை எறும்புகள் மொய்க்கின்றன.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்றனர் சிலர். ஐன்ஸ்டீன் தத்துவத்தின் விளக்கம் என்றனர் வேறு சிலர். டாலி சொன்னதோ வேறு. ஒருநாள் இரவு அவருக்குத் தலைவலி; மனைவி காலா நண்பர்களுடன் சினிமாவுக்குப் போயிருந்தார். மேஜையில் மீந்திருந்த பிரெஞ்சுப் பாலாடைக் கட்டி இளகி வழிவதைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தாராம். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கடற்கரைக் காட்சியில் அன்றே கடிகாரங்களைச் சேர்த்து முடித்துவிட்டாராம். தம்மைப் பற்றிக் கதை கட்டுவதில் டாலி மகா சமர்த்தர். ஆகையால் முழுவதையும் நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் தலைவலியை நம்புகிறோம்.

நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அறிவார்கள்: சுவர்க் கடிகாரம் ஒரு மணி என்று அடிப்பது அங்கே ஒரு யுகமாக இழுபடும். அயர்ந்து கண்ணை மூடினாலோ, மூன்று மணி நேரம் இமைப்பொழுதில் வழிந்தோடிவிடும். படத்திலும் உறங்கும் முகத்தின்மேல் கிடக்கும் கடிகாரந்தான் முதுகெலும்பற்றுத் துவள்கிறது. டாலியின் படங்களில் எறும்பு வந்தால் அங்கே அழிவு வந்ததாகக் கொள்வார்கள். இளகாத ஒன்றைப் பார்த்து எறும்புகளை விட்டாரே, அதுதான் நம்மைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிறது.

1934-ல் பெயர் தெரிவிக்க விரும்பாத ஒருவர் இதை நியூயார்க் நவீனக் கலைக் கூடத்துக்கு அளித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், அணுகுண்டைக் கண்டுவிட்ட உலகத்தில், டாலி இதே காட்சியை மறுபடி எழுதி முடித்தார். அதில் மேடை துண்டு துண்டாகப் பிளந்து மிதக்கிறது. கடிகாரங்கள் அப்போதும் உருகிக்கொண்டுதான் இருக்கின்றன.