வண்டி ‘டப் டப்’னு வெடிக்குதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி, பரிசோதனைக்குக் காசு கொடுங்க!

கிருஷ்ணகிரியில் மாம்பழ லோடு ஏற்றிய ஒரு பழைய சி.என்.ஜி. பிக்கப், தேசிய நெடுஞ்சாலை 44-ல் சூளகிரி ஏற்றத்தில் ‘டப்’ என்று வெடிக்கிறது என வைத்துக்கொள்வோம். முதல் பட்டறையில் ஸ்பார்க் பிளக் மாற்றுகிறார்கள். இரண்டு நாள் அமைதி. மறுபடியும் ‘டப்’. அடுத்த பட்டறையில் காயில் மாற்றுகிறார்கள். மூன்றாவது பட்டறையில், “கேஸ் கிட்டே போச்சுண்ணே” என்கிறார்கள். மூன்று பில் கட்டியாச்சு, மூன்று நாள் வாடகையும் போச்சு. சத்தம் மட்டும் போகவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சொந்த வண்டி ஓட்டும் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கதை சொல்வார்கள். இதில் மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கிறோம், மாட்டும் கூலிக்கும் கொடுக்கிறோம். ‘என்ன கோளாறு’ என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு மட்டும் யாரும் கொடுப்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேக்ஃபயர்னா என்ன?

பெட்ரோல், சி.என்.ஜி. இன்ஜினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள், சரியான நேரத்தில் எரிய வேண்டும். இடமோ நேரமோ தவறி எரிந்தால் வெடிச் சத்தம் வரும்.

டீசல் கதை வேறு. 2011-ல் அறிமுகமாகி, ஓசூரிலேயே தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற டீசல் பிக்கப்புகளில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே சத்தம் வந்தால் இன்ஜெக்டர், வால்வு, டர்போ ஹோஸ் என்று வேறு இடங்களில் தேட வேண்டும்.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. சத்தம் எந்தப் பக்கம்? ஏர் ஃபில்டர் பக்கம் வெடித்தால், கலவையில் எரிபொருள் குறைவாக இருக்கலாம், இன்டேக் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், டைமிங் தப்பியிருக்கலாம். சைலன்சர் பக்கம் வெடித்தால், சிலிண்டரில் எரியாத எரிபொருள் வெளியே போய் எரிகிறது என்று அர்த்தம். பிளக் மிஸ் அடிப்பது, இன்ஜெக்டர் ஒழுகுவது, எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லீக் ஆகிக் காற்றை இழுப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

2. எப்போது வருகிறது? கிருஷ்ணகிரி – ஓசூர் ரோடே இதற்கு ஒரு நல்ல சோதனைக்கூடம். லோடோடு மேடு ஏறும்போது வெடித்தால் முதல் சந்தேகம் ஸ்பார்க் மீதும், எரிபொருள் போதாமை மீதும். திரும்பி இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் படபடவென்று வந்தால், எக்ஸாஸ்ட் லீக்கை முதலில் பாருங்கள். இன்ஜின் சூடானால் மட்டும் வருகிறதா? வால்வையும் சென்சாரையும் சந்தேகப்படலாம்.

3. கடைசியா என்ன வேலை பார்த்தீங்க? டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு ஆரம்பித்ததா? பிளக் வயரைக் கழற்றி மாட்டிய பிறகா? பல நேரங்களில் விடை போன வார வேலையிலேயே இருக்கும்.

கேஸ் மேல பழி போடாதீங்க

“பெட்ரோல்ல ஓட்டினா சத்தம் இல்ல, கேஸ்ல மட்டும்தான் வருது. அப்போ கிட்தான் கோளாறு.” கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சி.என்.ஜி. கலவையைப் பற்றவைக்க பெட்ரோலைவிட வலுவான ஸ்பார்க் தேவை. தேய்ந்த பிளக்கும் களைத்துப்போன காயிலும் பெட்ரோலில் எப்படியோ சமாளிக்கும். கேஸுக்கு மாறியதும் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, வருடக்கணக்கில் கேஸில் ஓடும் வண்டியில் வால்வு உட்காரும் சீட் தேயும். டேப்பட் இடைவெளி குறையும். சூடானதும் வால்வு முழுசாக மூடாது. இதற்கு புது பிளக் போட்டாலும் சரி, புது கிட் போட்டாலும் சரி, பலன் இல்லை. டேப்பட் செட்டிங் பார்த்து, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

எல்லை தாண்டி வாங்கிய வண்டியா?

பெங்களூரு உட்பட 13 நகரங்களுக்கு பி.எஸ்.4 விதி 2010-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரல் 1-ல். அதனால் ஒரே வருஷ மாடலாக இருந்தாலும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி பி.எஸ்.3-ஆ, பி.எஸ்.4-ஆ என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனர் எவ்வளவு சொல்லும், எந்தெந்த சென்சார் இருக்கும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

ஸ்கேனர் காட்டும் கோடும் முழுத் தீர்ப்பு அல்ல. ‘சிலிண்டர் 2-ல் மிஸ் ஃபயர்’ என்று அது சொல்லும். காரணம் பிளக்கா, வால்வா, இன்ஜெக்டரா என்பதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சத்தத்தோடு ஓட்டினால் என்ன ஆகும்?

எரியாத எரிபொருள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால், அது சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். “அதைக் கழட்டி எறிஞ்சிடலாம்” என்பது சில இடங்களில் கிடைக்கும் சுலபமான ஆலோசனை. அது சட்டவிரோதம். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். புகை, சத்த விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பார்த்ததுக்கே காசா?

“டியூ கட்டவே முடியல, இதுல செக்கிங் சார்ஜ் வேறயா?” என்ற கோபம் நியாயமானது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைத் தேடிய மெக்கானிக், கடைசியில் கிழிந்த ஹோஸ் ஒன்றை மாற்றினால் அவருக்குக் கிடைப்பது அந்த ஹோஸுக்கான காசு. தேடாமலேயே காயில் மாற்றினால் அதைவிட அதிகம் கிடைக்கும். நாம் வைத்திருக்கும் ஏற்பாடே, நிதானமாகத் தேடுபவரைத் தண்டிக்கிறது. காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகக் காசு கட்டுகிறோம். வண்டிக்கு மட்டும் ஏன் தயக்கம்?

கொடுக்கும் காசுக்கு ஒரு நிபந்தனையும் வைக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு, ஸ்கேனர் கோடு, கழற்றிய பிளக்கின் நிறம் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிளக் கரியாக இருந்தால் எரிபொருள் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு என்பது அதில் கிடைக்கும் முதல் துப்பு. கோளாறு அங்கே பிடிபடாவிட்டாலும், அடுத்த பட்டறைக்காரர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

1980-ல் டி.வி.எஸ். 50 பிறந்த ஊர் ஓசூர். இங்குள்ள ஆலைகளில், சோதித்துப் பார்க்காமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது. அதே ஊரில் அந்த வண்டி பழசானதும், அனுமானத்தை நம்பி அதை விட்டுவிடுகிறோம். அடுத்த முறை பட்டறையில் “எவ்வளவு ஆகும்ணே?” என்று கேட்பதற்கு முன், “எதனால வருதுன்னு பார்க்க எவ்வளவு?” என்று கேளுங்கள். மூன்று பில் கட்டுவதைவிட அது நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும்.