லூப் வேண்டாமென்று சொல்ல நீங்கள் யார்?



என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, இப்போது மூன்று பிள்ளைகளின் உம்மா. பிரஷர் கூடிவிட்டது. குளிசையை நிறுத்தி லூப் போடலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். மாமி விடவில்லை. லூப் நெஞ்சுக்கு ஏறுமாம், பிறகு பிள்ளையே தங்காதாம்.

யார் சொன்னது? செப்பு லூப் கருப்பைக்குள் இருக்கும் சின்னச் சாமான். ஹோர்மோன் இல்லை. 10 வருடம் வரை வேலை செய்யும், கழற்றினால் பிள்ளை தங்கும். பிரஷர் உள்ளவருக்கு ஆபத்து, அவள் விழுங்கும் குளிசையிலுள்ள ஈஸ்ட்ரஜன்தான். பக்கவாதம் வரை கொண்டுபோகும்.

லூப் போட்டால் மாதப்போக்கு கூடலாம், உண்மை. தொழுகை பற்றிய கவலையும் நியாயம். அதை ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே 'ஹராம்' என்பவர்கள், குர்ஆன் இறங்கிய காலத்தில் ஸஹாபாக்கள் அஸ்ல் செய்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை வாசித்துவிட்டு வரட்டும்.

2018இல் சாப்பாட்டில் மலட்டுக் குளிசை என்ற புரளியால் அம்பாறையில் நம் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அதற்குக் கொதித்த நாமே வீட்டுக்குள் இன்னொரு மலட்டுப் புரளியை வளர்க்கிறோமே, வெட்கமில்லையா?

லூப் அவ்வளவு பயமென்றால், ஆணுறை பாவிக்கச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள் மாமி. அதில் பிரஷரும் ஏறாது, போக்கும் கூடாது.