பிரிண்ட் கொடுக்கும் முன் ஒரு பிரிவியூ!

தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படியில் பாதியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் என் அப்பாவும் ஒருவர். மூட்டின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கால் வில் போல் வளைந்திருப்பதால் உடல் எடையும் அங்கேயே இறங்குகிறது. மூட்டை மாற்றாமல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்தி, பிளேட்டும் ஸ்க்ரூவும் பொருத்தலாம் என்றார் டாக்டர். எடை நல்ல பக்கத்துக்கு மாறிவிடுமாம். வெட்டுவதற்கு, அப்பா எலும்புக்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு 'கைடு' செய்வார்களாம்.

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகுமாடா?" என்றார் அப்பா.

சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நான் சொல்கிறேன், தப்பாகும்!

இது எப்படி வேலை செய்கிறது? சிடி ஸ்கேன் என்பது நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள். சாப்ட்வேர் அவற்றை அடுக்கி எலும்பின் முப்பரிமாண உருவத்தைத் தருகிறது. எங்கே, எத்தனை டிகிரி என்று திரையிலேயே முடிவு செய்கிறார்கள். பிறகு அந்த எலும்பில் மட்டும் கச்சிதமாக உட்காரும் கைடை முப்பரிமாண பிரிண்டர் அச்சடிக்கிறது. அதிலுள்ள பிளவு வழியே ரம்பம் செல்லும்.

இது வெறும் கற்பனையல்ல. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய சிகிச்சைக்கான டைட்டானியம் பிளேட்டை, 28 பேரின் ஸ்கேனை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே சோதித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். நம் கிண்டிக்குப் பக்கத்து ஐஐடியும், கருப்புப் பூஞ்சையால் முக எலும்பை இழந்தவர்களுக்கு உலோக எலும்பை அச்சடித்ததை 2023ல் அறிவித்தது.

ஆனால் கைடுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. திட்டத்தில் டிகிரி தப்பென்றால், அதே தப்பைத்தான் துல்லியமாக வெட்டும். ஸ்கேன் படுத்த நிலையில் எடுப்பது. எடை இறங்கும் கோடோ நின்றால்தான் தெரியும். எனவே இடுப்பு முதல் கணுக்கால் வரை, நின்றபடி எடுத்த எக்ஸ்ரே அவசியம். எலும்பின் மேல் சதை மிச்சமிருந்து கைடு சரியாக உட்காராவிட்டாலும் கோணம் மாறும்.

ஆகவே வீட்டுப் பெரியவருக்கு இதைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நின்றபடி எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? திட்டத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது எந்த டாக்டர்? கைடு பொருந்தாவிட்டால் மாற்று வழி என்ன? கூடவே, ஸ்கேன் பைல்களை போல்டரோடு கேட்டு வாங்கி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். மொபைலில் பிலிமைப் பிடித்த போட்டோ இதற்கு உதவாது.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் எத்தனை முறை புரூப் பார்க்கிறோம்? அப்பாவின் காலுக்கு அது கூடவா வேண்டாம்?